மீன்தொட்டிக்கு வந்த பல் டொக்டர்

டொக்டர் எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்த்தது என் பற்களைத்தான். கதவைத் திறந்து, வந்தவரை வரவேற்கிற ஒரு சிரிப்புச் சிரித்தேன். "வலது பக்கம், மேல. ஒண்டு அடைக்க வேணும்," என்றார். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

பல்லுக்காக அவரை யாரும் கூப்பிடவில்லை. கொட்டாஞ்சேனையில் வீட்டோடு சேர்ந்த ஓர் அறையில் காலமெல்லாம் பல் பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற மனுஷி அவர். ஓய்வுக்குப் பிறகு செய்த வேலை வேறு. கடல்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களின் வீட்டுக்குப் போய், தொட்டிக்குள் ஒளிந்திருந்து மற்றதைத் தின்கிற சீவன் எது என்று கண்டுபிடித்து, அதை வெளியே எடுப்பார். கொழும்பில் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது.

தொட்டி வைத்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தத் தொட்டிகளுக்குள் அழகுக்கு முருகைக்கல், அதாவது பவளப்பாறைத் துண்டு, வைப்பார்கள். கல்லில் ஆயிரம் ஓட்டை. கடையில் கல்லை மட்டும்தான் வாங்குகிறோம் என்று நினைப்போம். கல்லோடு சேர்ந்து சொல்லாமல் கொள்ளாமல் பலர் வந்துவிடுவார்கள். நண்டு, புழு, ஆளையே நொறுக்கிற மாதிரி அடிக்கிற ஒருவகை இறால். வெளிச்சம் இருக்கும்வரை ஓட்டைக்குள் படுத்திருப்பார்கள். இருட்டியதும் சாப்பிட வெளிக்கிடுவார்கள். காலையில் எழும்பிப் பார்த்தால் ஒரு மீன் குறைந்திருக்கும்.

எங்கள் வீட்டிலும் குறைந்துகொண்டிருந்தது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில் எங்கள் வீடு. கீழே ரெயில் போனால் தொட்டித் தண்ணீர் மெல்ல நடுங்கும். தொட்டி என் கணவருடையது. இவருக்குக் கட்டாரில் வேலை கிடைத்துப் போனபோது, விமான நிலையத்தில் வைத்து என்னிடம், "கவனமாப் பாத்துக்கொள்ளும்," என்றார். எதை என்று நான் கேட்கவில்லை, தெரியும். போன பிறகு தினமும் வீடியோ கோல் எடுப்பார். "ஒருக்காத் தொட்டிப் பக்கம் திருப்பும்," என்பார். திருப்புவேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்பிட்டாச்சோ?" என்பார். அது என்னிடம் கேட்டதா, மீன்களிடம் கேட்டதா என்று தெரியாமல் "ஓம்" என்பேன்.

வீட்டில் நானும் மாமியும்தான். மாமி என்றால் இவரின் தாய். சுத்த சைவம். முட்டைகூட அந்த வீட்டுக் குசினிக்குள் வந்ததில்லை. தொட்டியை மட்டும் எப்படி விட்டார் என்று கேட்டால், கல்லின் பெயரிலேயே முருகன் இருக்கிறாரே என்று இவர் சொல்லிச் சிரிப்பார்.

இவர் போய் இரண்டு மாதத்துக்குள், செம்மஞ்சள் கோடு போட்ட மீன் சோடியில் ஒன்று காணாமல் போனது. பிறகு அதன் துணை. பிறகு ஒரு நீலம். தொட்டியைத் துடைப்பதும் உப்புக் கலந்து தண்ணீர் மாற்றுவதும் என் பொறுப்பு. ஆகவே யாரில் பிழை என்று வீட்டில் பெரிய ஆராய்ச்சி நடக்கவில்லை. ஒருநாள் மாமி யாழ்ப்பாணத்தில் இருக்கிற தங்கச்சியோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். "மீன்கூட இவளின்ர கையில தங்குதில்லை," என்றார். நான் குசினியில் நின்றேன்.

எனக்கு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை, மிகவும் மரியாதையாக இருந்தார்கள். மீன்கள் சாகத் தொடங்கிய பிறகுதான் அவர்களுக்குக் கதைக்க வசதியானது.

இவரும் தன் பங்குக்கு, "விருப்பமில்லையெண்டால் சொல்லும், ஆருக்காவது குடுத்திடுவம்," என்றார். மீன்தொட்டிக்காரர்களுக்கென்று இருக்கிற வட்சப் குழுவில் யாரோ டொக்டரின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். "ஒரு டொக்டர் வருவா. அவா வந்து என்ன பிரச்சினை எண்டு பாத்துச் சொல்லுவா," என்றார். தொட்டியைப் பார்க்க வருகிறாரா, என்னைப் பார்க்க வருகிறாரா என்று தெரியவில்லை.

வந்தவர் குள்ளமானவர். பூப்போட்ட நீளச் சட்டை, குடை, கக்கத்தில் ஒரு ஸ்பொஞ் குஷன். எங்கு போனாலும் அந்தக் குஷனைப் போட்டுத்தான் உட்காருவார். தோள்பையைத் திறந்தால் எல்லாம் பல் வைத்தியச் சாமான். நீளப் பிடி வைத்த சின்ன வட்டக் கண்ணாடி, நுனி வளைந்த இடுக்கி, ஊசி போடுகிற சிரிஞ்ச், பல்லிடுக்கில் விடுகிற நூல். "இதால மீன் பிடிப்பீங்களோ, டொக்டர்?" என்று மாமி கேட்டார்.

"என்னட்ட இருக்கிறதெல்லாம் வாய்க்குள்ள போற சாமான், அம்மா. இந்தக் கல்லும் ஒரு வாய்தான். குனிஞ்சு பாத்தாத் தெரியும்."

பாலும் சீனியும் இல்லாத பிளேன்டீ மட்டும் குடிப்பார். மாமி தட்டில் கொண்டுவந்து வைத்த லட்டைப் பார்த்துவிட்டு, "இதை நான் சாப்பிட்டா, இவ்வளவு காலமும் சனத்துக்குச் சொன்னதெல்லாம் பொய்யாயிடும்," என்று தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். மாமிக்கு அது பிடிக்கவில்லை. மாமியின் லட்டை யாரும் தள்ளி வைப்பதில்லை.

டொக்டர் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கேள்வி கேட்பார். எங்கள் வீட்டிலும் கேட்டார். மாமி கல்லைக் காட்டி, "அந்த ஓட்டைக்குள்ள ஒரு சாமான் இருக்கு டொக்டர். டிக், டிக் எண்டு சத்தம் போடுது. அதுதான் தின்னுது," என்றார்.

"தின்னக் கண்டனீங்களோ, நினைச்சனீங்களோ?"

"வேற என்ன? மற்றதெல்லாம் எங்கட மீன்தானே."

"கண்டனீங்களோ, நினைச்சனீங்களோ?"

மாமி என்னைப் பார்த்தார். "நினைச்சனான்," என்றார், யாரோ வாயில் விரலை விட்டு இழுத்தெடுத்த மாதிரி.

இந்தக் கேள்வியால் டொக்டர் பலரிடம் பேர் கெட்டவர். பம்பலப்பிட்டியில் ஒரு ஹாஜியாரின் நகைக்கடையில் சுவர் அளவுக்குத் தொட்டி. அதில் மண்ணிறத்தில் மயிர் முளைத்த புழுக்கள். "பாக்கவே அருவருப்பா ஈக்கிது டொக்டர். பவளத்தத் தின்டு முடிச்சிரும். எல்லாத்தையும் எடுத்திருங்க," என்றாராம் ஹாஜியார். டொக்டர் இரண்டு பின்னேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அது குப்பையைத்தான் தின்னுது. வடிவில்லாட்டிக் குற்றமில்லை, ஹாஜியார்," என்று குஷனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஹாஜியார் வேறு யாரையோ பிடித்துப் புழுக்களை எடுப்பித்தார். குப்பை தின்ன ஆளில்லாமல் கொஞ்ச நாளில் தொட்டி நாறி, கடைக்கு வந்த கல்யாணப் பார்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனது. டொக்டரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ‘சொன்னேன்தானே’ என்று சொல்வார் என எல்லாரும் காத்திருந்தார்களாம். அவர் ஹாஜியாரின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து, "ஞானப்பல்லை எப்ப எடுக்கப் போறீங்கள்?" என்று மட்டும் கேட்டாராம். இதை எனக்குச் சொன்னவர் ஹாஜியாரேதான், வெகுகாலத்துக்குப் பிறகு.

ஏன் இப்படிப் பிடிவாதம் என்பதற்குத் தொட்டிக்காரர்களிடம் பல கதைகள் இருந்தன. இளம் வயதில் ஒரு பெரிய ஆளுக்குப் பிழையான பல்லைப் பிடுங்கிவிட்டார் என்பது ஒன்று. நான் நேரடியாகவே கேட்டேன். "பிழையான பல் பிடுங்காத டொக்டர் இல்லை, மகள். சில நேரம் நோகிறது ஒரு பல்லில, பழுது வேற பல்லில. சனம் நோகிற பல்லைக் காட்டி, ‘இதைப் பிடுங்குங்கோ’ எண்டும். பிடுங்கினாப் பிறகு திருப்பி வைக்க ஏலாது." அந்தப் பெரிய ஆள் யார் என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டாவதாகக் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. "என்ன போடுறனீங்கள்?"

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சைவந்தான், டொக்டர்."

அது உண்மை. இவர் இருந்த காலத்தில், பல்கனியில் தனிப் பலகை வைத்து இறாலைப் பொடியாக வெட்டி, தானே போடுவார். மாமி அந்த நேரம் சாமியறைக்குள் போய்விடுவார். இவர் போன பிறகு, கிழமையில் மூன்று நாள் நான் பம்பலப்பிட்டியில் ஒஃபிசில் இருப்பேன். மீன்களுக்குச் சாப்பாடு போடுவது மாமியின் கைக்குப் போனது. முதலில் வெள்ளிக்கிழமைகளில் இறாலை நிறுத்தினார். பிறகு செவ்வாய். புரட்டாதிச் சனி வந்தது. நவராத்திரி வந்தது. கேதாரகௌரி விரதம் வந்தது. கடைசியில் பல்கனிப் பலகையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மேலே ஏற்றிவிட்டார். தொட்டிக்குள் காய்ந்த கடற்பாசித் துண்டு, அவித்த பட்டாணி, கீரை. வீட்டில் விரதம் என்றால் எல்லாருக்கும்தான் விரதம். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அந்த வீட்டில் நான் வாழ வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"எல்லாம் சாப்பிடுதோ?" என்று டொக்டர் கேட்டார்.

"மற்றதுகள் கொத்திப்போட்டு விட்டிடும். கந்தையா எல்லாம் சாப்பிடுவான்."

கந்தையா ஒரு கிளாத்தி மீன். கறுத்த உடம்பு, வயிற்றுப் பக்கம் பெரிய பெரிய வெள்ளைப் பொட்டு, வாயைச் சுற்றி மஞ்சள். வாங்கும்போது பெருவிரல் அளவுதான் இருந்தான். "சின்னன், ஒண்டும் செய்யாது," என்று சொல்லிக் கடைக்காரர் தந்தார். இப்போது கையளவு. அந்த வெள்ளைப் பொட்டுகளை மாமி விபூதிப் பொட்டு என்பார். மாமி கிட்டப் போனால் கண்ணாடிக்கு ஓடி வருவான், விரல் நுனியிலிருந்து பட்டாணியை வாங்குவான். காலையில் தேவாரம் படித்துவிட்டு மாமி முதல் போய்ப் பார்ப்பது அவனைத்தான். மகன் கட்டாருக்குப் போனபின் மாமி வாய்விட்டுக் கதைத்ததும் அவனோடுதான். என்னைப் பற்றியும் அவனிடம் சொல்லியிருப்பார்.

டொக்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கந்தையாவின் முன்னால் குனிந்தார். கந்தையாவும் அவரைப் பார்த்தான்.

"நல்ல பல்லு," என்றார் டொக்டர்.

மாமிக்கு அன்றைக்கு முதல்முறையாக டொக்டரைப் பிடித்தது.

டொக்டர் இரவு வேலை செய்வதில்லை. ஆறு மணிக்கு முன் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏற வேண்டும். ஆகையால் மத்தியானத்தில் தொட்டியைக் கறுத்தத் துணியால் மூடி இரவாக்கிவிடுவார். "அதுகளுக்கு மணிக்கூடு தெரியாது," என்பார். துணியில் கண் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் முன்னால் ஸ்டூல், ஸ்டூலில் குஷன், குஷனில் டொக்டர். நான் வீட்டிலிருந்து வேலை செய்கிற இரண்டு நாளிலும் வருவார். எனக்கு ஒரு பக்கம் கொம்பியூட்டர், மறுபக்கம் துணிக்குள் முகம் புதைத்த ஒரு மனுஷி. ஸூம் மீட்டிங்கில் மனேஜர் ஒருமுறை, "பின்னால யாரோ அழுதுகொண்டு இருக்கினமோ?" என்று கேட்டார். இல்லை, பல் டொக்டர் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஓட்டைக்குள் இருப்பதை வெளியே வரவைக்க ஒரு துண்டு இறால் வேண்டும் என்று டொக்டர் கேட்டார்.

மாமியின் முகம் போன போக்கு. "விரதம், டொக்டர்."

"நாங்களும் பெரிய வெள்ளிக்கு இறைச்சி தொடமாட்டம். மீன் சாப்பிடுவம்."

"எங்களுக்கு மீனும் ஆகாது."

"சரி, உங்கட வீடு." கொஞ்ச நேரம் துணிக்குள் பார்த்தார். பிறகு தலையை எடுக்காமலே, "கந்தையா என்ன சமயம்?" என்று கேட்டார்.

"சைவம்," என்றார் மாமி, யோசிக்காமல்.

"அவரைக் கேட்டனீங்களோ?"

மாமி சிரித்துவிட்டார். மாமியின் சிரிப்பை நான் கேட்டுப் பல மாதம் இருக்கும். அன்றிலிருந்து மாமியும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு டொக்டருக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார். மாமிக்கென்று துணியில் இன்னொரு ஓட்டை வெட்டப்பட்டது.

டிக் டிக் சத்தக்காரனைப் பிடித்தது சோடாவால். கடையில் விற்கிற வெறும் சோடாவைச் சிரிஞ்சில் எடுத்து, வளைந்த ஊசியால் ஓட்டைக்குள் செலுத்தினார். உள்ளே இருந்தவன் இருக்கமுடியாமல் வெளியே பாய்ந்தான். தேயிலை வடியில் ஏந்திக்கொண்டார். சுண்டுவிரல் அளவு இறால், ஒரு கை மட்டும் பெரிது. அந்தக் கையைச் சொடுக்கினால்தான் அந்தச் சத்தம்.

அன்றைக்கு வீட்டில் கொண்டாட்டம். இவரும் கட்டாரிலிருந்து, "பிடிச்சாச்சோ? நான் அப்பவே நினைச்சனான்," என்றார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது. டொக்டர் வடியை வெளிச்சத்தில் பிடித்து, இறாலின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைத் திரும்பத் தொட்டிக்குள் விட்டார்.

"டொக்டர்!"

"இவர் சத்தம் போட்டவர். திண்டதை நான் காணேல்லை."

அடுத்த கிழமை இன்னொரு நீலம் காணாமல் போனது. தொட்டிக்குள் மிஞ்சியது ஒரு சின்ன மஞ்சள் மீனும், சத்தக்கார இறாலும், கந்தையாவும்தான். மாமி தங்கச்சிக்குச் சொன்னதை இப்போது எனக்குக் கேட்கும்படியே சொன்னார். இவர் அன்று தொட்டிப் பக்கம் திருப்பச் சொல்லவில்லை. தெஹிவளையில் இருக்கிற தன் சிநேகிதனோடு கதைத்துவிட்டாராம், மாத முடிவில் அவன் வந்து தொட்டியைக் கொண்டுபோய்விடுவானாம். "அம்மாவும் சொல்றா, உமக்கு ஏலாதாம். பரவாயில்லை, விடும்," என்றார். பரவாயில்லை என்று அவ்வளவு மெதுவாக அவர் சொன்னது ஆஸ்பத்திரியில் இரண்டு தரமும்தான். தொட்டி போனால் மாமி சொன்னது சரியென்று எழுதி ஒட்டின மாதிரி ஆகிவிடும், பிறகு அதை யாராலும் உரிக்க முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் "சரி" என்றேன்.

கந்தசஷ்டி தொடங்கியிருந்தது. மாமி பகலில் ஒன்றும் சாப்பிடாமல், நெற்றி நிறைய விபூதியோடு, தன் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு இருந்தார். நான் டொக்டருக்குப் பிளேன்டீ கொண்டுவந்தேன். டொக்டர் பின்பக்கமாகக் கையை நீட்டி, அசையாதே என்று காட்டினார். நின்றேன்.

"கந்தையா," என்றார் மாமி. மதிலில் ஏறுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரல். "டேய், கந்தையா."

டொக்டர் துணியைத் தூக்கினார். கந்தையா தொட்டியின் நடுவில் நின்றான். மஞ்சள் வாயில் மஞ்சள் வால் என்பதால் எனக்கு உடனே தெரியவில்லை. தெரிந்தபோது வால் உள்ளே போய்விட்டது. அவன் வழக்கம் போலக் கண்ணாடிக்கு வந்து மாமியைப் பார்த்தான்.

"அவன் அப்பிடிச் செய்யமாட்டான்," என்றார் மாமி.

டொக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மாமிக்கு முன்னால்தான் நடந்தது. "பசி, அம்மா. வேற ஒண்டுமில்லை."

"அவன் விரதம் எல்லோ?"

"அவர் விரதம் இருக்கேல்லை. நீங்கள் வைச்சனீங்கள்." என் பல்லை அடைக்க வேண்டும் என்று சொன்ன அதே குரல். கூடவுமில்லை, குறையவுமில்லை.

மாமி எழுந்து பல்கனிக்குப் போனார். மேலே ஏற்றி வைத்த பலகையை எட்டி எடுத்தார். "நான் வெட்டிப் போடுறன். நாளையிலயிருந்து நானே இறால் வெட்டிப் போடுறன்," என்றார். சஷ்டி விரதக்காரி, கையில் இறால் பலகையோடு நின்றார். மாமியைப் பார்த்து எனக்கு முதல்முறையாகப் பாவமாக இருந்தது. அவருக்கும் அந்த வீட்டில் கதைக்க வேறு ஆளில்லை.

"போடுங்கோ. ஆனா ருசி கண்டிட்டார். இனி இந்தத் தொட்டியில அவரோட வேற ஒண்டும் தங்காது," என்றார் டொக்டர்.

கந்தையாவை எடுப்பது சுலபமாக இருக்கவில்லை. வலையைக் கண்டதும் கல்லிடுக்கில் புகுந்து, முதுகில் இருக்கிற முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டான். கிளாத்தி அப்படிப் பூட்டினால் கல்லை உடைத்தாலும் வராது. டொக்டர் சட்டைக் கையைத் தோள்வரை மடித்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பெரிய முள்ளுக்குப் பின்னால் சின்ன முள் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் பெரியது தானாகப் படுத்துவிடும். "இழுக்கக் கூடாது. திறக்க வேணும்," என்று யாரிடமோ சொன்னார். கந்தையா அவர் கைக்குள் வந்தான். வரும்போது பெருவிரலைக் கடித்து இரத்தம் எடுத்தான். "சொன்னன்தானே, நல்ல பல்லு," என்றார்.

எடுத்த எதையும் அவர் கொன்றதில்லை. கொட்டாஞ்சேனையில், பழைய பல் கதிரை இன்னும் நிற்கிற அந்த அறையில், சுவரோரம் தொட்டிகளும் பெரிய கண்ணாடிப் போத்தல்களும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒரு வீட்டில் யாரையோ தின்றவர் தனியே இருந்தார். நேரத்துக்குச் சாப்பாடு. கந்தையாவுக்கு ஒரு முழுத் தொட்டி கிடைத்தது. விரதமில்லாத நாட்களில் மாமி ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போவார். இறாலை ஓட்டோக்காரரைக் கொண்டு வாங்குவித்து, பையைக் குடை நுனியில் தொங்கவிட்டுக் கொண்டுபோவார். திரும்பி வந்ததும் தலைக்கு முழுகுவார். தெஹிவளைச் சிநேகிதன் வரவில்லை. வர வேண்டாம் என்று மாமிதான் மகனிடம் சொன்னார், காரணம் சொல்லவில்லை. தங்கச்சியிடமும் சொல்லவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. அவர் நவதானியம் அவித்தால் முதல் கிண்ணம் எனக்கு வந்தது, அவ்வளவுதான்.

டொக்டர் போன வருடம் இறந்துபோனார். மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்குப் போனபோது, அவரின் தங்கச்சி அந்த அறை வாசலில் நின்று எல்லாரையும் கெஞ்சிக்கொண்டிருந்தார். "எனக்கு இதுகளைப் பாக்க ஏலாது. ஆளுக்கொண்டு கொண்டுபோங்கோ." அழுதுகொண்டு வந்த தொட்டிக்காரர்கள், அடிக்கிற இறாலும் நண்டும் இருந்த போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். கந்தையாவை ஹாஜியார் எடுத்தார். நகைக்கடைத் தொட்டியில் இப்போது அவன் மட்டும்தான். மாமி இப்போது பம்பலப்பிட்டிக்குப் போகிறார். கிட்ட என்பதால் வசதி.

கந்தையாவை வாளியில் எடுத்துக்கொண்டு போன அன்று டொக்டரோடு நானும் கீழே இறங்கினேன். வாளியை நான் தூக்கினேன். அவரின் பெருவிரலில் பஞ்சு சுற்றியிருந்தது. ஓட்டோ வரும்வரை ஒழுங்கை முகப்பில் நின்றோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "டொக்டர், இவ்வளவு நாளும் மேல என்ன கதை நடந்தது எண்டு உங்களுக்கு விளங்கினதுதானே. நான் இல்லை எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"அது எனக்குத் தெரியாதே," என்றார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"வீட்டுக்காரரே தொட்டிக்குள்ள எதையாவது ஊத்தினதை நான் கண்டிருக்கிறன், மகள். கோபத்தில செய்வினம். கவலையிலும் செய்வினம். அதால உம்மையும்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். உண்மையைச் சொன்னா, மீனைவிட உம்மைத்தான் கூடப் பாத்தனான்."

"என்ன கண்டனீங்கள்?"

"தண்ணிக்குள்ள கை வைக்க முந்திச் சவுக்காரம் போக மூண்டு தண்ணியில கழுவுறீர். உப்பைக் கலக்கினாப் பிறகு நாக்கில வைச்சுப் பாக்கிறீர். மாமி நித்திரை எண்டா ரிவியின்ர சத்தத்தைக் குறைக்கிறீர். ஃபோன் வந்து முடிஞ்சாப் பிறகு குசினியில போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுகிறீர். முகத்தைக் கழுவிப்போட்டு எனக்குப் பிளேன்டீ கொண்டு வாறீர், ஒருநாளும் சீனி போட மறக்கேல்லை. போடாம விட எண்டு சொல்றன்." அவர் தன் பிழையைத் திருத்திக்கொண்டு ஓட்டோவுக்குக் கையைக் காட்டினார். "இண்டைக்குத்தான் எனக்குச் சரியாத் தெரியும். நீர் இல்லை."

குஷனை முதலில் வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். வாளியை நான் தூக்கிக் கொடுத்தேன். மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஓட்டோ காலி வீதியில் திரும்பிப் போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என்னைச் சந்தேகப்பட்டு, என் வீட்டில் உட்கார்ந்து, நான் போட்ட தேத்தண்ணீரையும் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்திருக்கிறார். கோபம் வரட்டும் என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. அந்த வீட்டுக்கு வாழ வந்து ஆறு வருடம். என்னை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.